பணம் அனுப்ப முடியாத மாதத்தில் பிள்ளைகளைப் பார்க்கப் போகலாமா?

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. பன்னிரண்டு வயது மகனும் எட்டு வயது மகளும் ஈரோட்டில் அவர்கள் அம்மாவுடன் வளர்கிறார்கள். பராமரிப்புத் தொகை மாதம் 14,000 ரூபாய், பிள்ளைகளின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், இரண்டும் என் பொறுப்பு என்று நீதிமன்ற உத்தரவில் இருக்கிறது. மனதாரக் கையெழுத்துப் போட்டேன். அப்போது சம்பளம் 38,000.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் எங்கள் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. சம்பளம் 24,000 ஆகிவிட்டது. இரண்டு மாதம் கைமாற்று வாங்கி முழுத்தொகை அனுப்பினேன். பிறகு பாதி. போன மாதம் 5,000 மட்டும். பிரீமியம் 22,000 கட்ட வேண்டிய தேதி முடிந்து இன்றோடு பதினொரு நாள். இது பிள்ளைகளின் அம்மாவுக்குத் தெரியாது.

மகளுக்கு வீசிங் உண்டு. கடைசியாகப் பார்த்தபோது பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, இன்னும் எத்தனை முறை மருந்து வரும் என்று எண் காட்டும் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "அப்பா, இதில் 38 என்று இருக்கிறது. பூஜ்யம் வருவதற்குள் புதிது வாங்கி வருவீர்கள்தானே?" என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகள் போகவில்லை. ஷிப்மென்ட் இருக்கிறது, ஆடிட் இருக்கிறது என்று பொய் சொன்னேன். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? மகன் "எப்போது வருவீர்கள்" என்று கேட்பதையே நிறுத்திவிட்டான். சில இரவுகளில் கண்காணாமல் போய்விடலாம் என்று தோன்றுகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

அன்புள்ள சகோதரருக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கண்காணாமல் போவது என்றால் ஊரை விட்டா, உயிரை விட்டா? உயிரை என்றால், இதைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனோ நண்பரோ, யாராக இருந்தாலும் சரி.

இனி நீங்கள் கேட்டது. போகலாம். போகத்தான் வேண்டும்.

பணம் கொடுத்தால்தான் அப்பா, கொடுக்காவிட்டால் முகம் காட்டத் தகுதியில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டீர்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. தொகை பாக்கி என்பதற்காகப் பார்க்கும் உரிமை தானாகப் போய்விடாது. பார்க்க விடவில்லை என்பதற்காகத் தொகையை நிறுத்தவும் முடியாது. இரண்டும் வேறு வேறு.

உங்கள் மகளின் இடத்தில் சற்று உட்கார்ந்து பாருங்கள். அமெரிக்க வரி அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அப்பாவிடம் மருந்து கேட்டேன், அதன் பிறகு அப்பா வரவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் நடக்கும் எல்லாவற்றுக்கும் தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள். இனி எதையும் கேட்கக் கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டால், மூச்சு இரைக்கும்போதுகூடச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளையாகிவிடுவாள். எனக்கு உங்கள் கடிதத்தில் பயமாக இருந்த இடம் இதுதான். மகன் கேட்பதை ஏற்கெனவே நிறுத்திவிட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வரும் சனிக்கிழமை ஈரோடு பஸ் ஏறுங்கள். இருவரையும் உட்கார வைத்து, "அப்பாவுக்குச் சம்பளம் குறைந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்தேன். வேலை இருக்கிறது என்று சொன்னது பொய். உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் அம்மாவைப் பற்றி ஒரு குறையும் அங்கே வேண்டாம். புது இன்ஹேலர் ஒன்று வாங்கிப் போக முடிந்தால் போதும், பொம்மையும் துணியும் இப்போது வேண்டாம். என்ன மருந்து, என்ன அளவு என்று அவர்கள் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.

பணத்தில் முதல் அவசரம் காப்பீடு. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. பதினொன்று போனால் பத்தொன்பது நாள் மிச்சம். அதற்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி அறாது. கட்டும்வரை உள்ள நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் கிடைக்காது என்பதால், கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். விட்டுவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் வீசிங்குக்கு மூன்று ஆண்டுகள்வரை காத்திருக்கச் சொல்லலாம். இத்தனை ஆண்டு கட்டியதன் பலன் போய்விடும். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதனால் தொகை குறைந்திருக்கலாம். நீங்கள் சொல்லும் 22,000 போன ஆண்டுக் கணக்கா, இந்த ஆண்டு நோட்டீஸா என்று பாருங்கள். தவணையாகக் கட்ட வழி உண்டா என்றும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

அவர்கள் அம்மாவுக்கு இன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல், ஒரு நள்ளிரவில் மருத்துவமனை கவுன்டரில் நின்றுகொண்டு பாலிசி இல்லை என்று அவர் தெரிந்துகொள்வது மன்னிக்க முடியாத காரியம். "சம்பளம் 24,000 ஆகிவிட்டது. இந்த மாதம் இவ்வளவுதான் முடியும். பிரீமியத்தை இந்தத் தேதிக்குள் கட்டுகிறேன், ரசீது அனுப்புகிறேன்" என்று நான்கு வரி போதும். கோபப்படுவார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, பதிலுக்குப் பேசாதீர்கள். இந்த மாதங்களில் நீங்கள் அனுப்பாத ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் எங்கோ கை நீட்டியிருப்பார்.

உத்தரவு மாறும்வரை 14,000 என்பது 14,000தான். பாக்கி ஏறிக்கொண்டே போகும், நிறைவேற்றக் கேட்டு அவர் மனுப் போடவும் முடியும். அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த விவாகரத்து என்றால், பிள்ளைகளின் பராமரிப்பு உத்தரவை மாற்றக் கேட்க 26-ஆம் பிரிவு இடம் தருகிறது. சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, கடன் விவரம் எல்லாம் ஒளிவுமறைவின்றி இருக்கட்டும். 2020-இல் உச்ச நீதிமன்றம் ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில், பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாக வக்கீல் தருவார்கள். இருவரும் பேசி ஒரு தொகைக்கு ஒத்துவந்தால் அதையும் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையாக விடாதீர்கள்.

எவ்வளவு முடியுமோ அவ்வளவை ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வங்கி மூலமே அனுப்புங்கள். 5,000 என்றாலும் சரி.

சனிக்கிழமை மகளிடம் அந்தப் பழைய இன்ஹேலரைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மகன் என்ன பேசினான் என்பதையும்.