தெளிந்த நீரில் ஸ்பின்னர்பெயிட்: புதிதாக வாங்குவதா, இருப்பதை மாற்றுவதா?

கடலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் தண்ணீரில் விராலை நன்றாகக் கொடுத்த என் ஸ்பின்னர்பெயிட் (வளைந்த கம்பியின் மேல் பக்கம் சுழலும் தகடுகளும், கீழே குஞ்சம் கட்டிய முள்ளும் உள்ள பொய் இரை), தை பிறந்து ஏரி தெளிந்ததும் எடுபடவில்லை. மீன் பின்தொடர்ந்து வருகிறது, கடைசி நேரத்தில் திரும்பிவிடுகிறது. எடை 14 கிராம், இரண்டு வட்டத் தகடுகள், பளீரென்ற மஞ்சள் பச்சைக் குஞ்சம். வேறு வாங்க வேண்டுமா?"

பெரும்பாலும் வேண்டாம். இந்தப் பொய் இரை அமெரிக்க நன்னீர் பாஸ் மீனுக்காக வளர்ந்தது என்றாலும், அங்கே தெளிந்த நீருக்குச் சொல்லப்படும் விதிகள் நம் விராலுக்கும் கொடுவாவுக்கும் பொருந்துகின்றன. கலங்கலில் அதிர்வை உணர்ந்து அடிக்கும் மீன், தெளிந்த நீரில் இரையைக் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படவும் நேரம் பெறுகிறது. ஆகவே அதிர்வையும் பருமனையும் குறைத்து, வேகத்தைக் கூட்ட வேண்டும்.

முதலில் பின் தகட்டைக் கழற்றுங்கள். உங்களிடம் இருப்பது கொலராடோ எனப்படும் வட்டத் தகடு. தண்ணீரை அதிகம் அடித்து, இரையை மேலே தூக்கி, மெதுவான இழுப்புக்கு உதவுவது. அதற்குப் பதிலாக வில்லோ லீஃப் எனப்படும் ஒடுங்கிய நீள் தகட்டை மாட்டினால் அதிர்வு குறைந்து, ஓடும் சிறு மீனின் மினுக்கம் கிடைக்கும். நல்ல வெயிலில் வெள்ளி நிறமே போதும். அதுவும் மிரட்டினால் வெள்ளைப் பெயின்ட் பூசிய தகட்டைப் போடுங்கள். முன் தகடு கம்பியிலேயே கோர்க்கப்பட்டிருக்கும். சிறியதாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்தது குஞ்சம், பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். மஞ்சள் பச்சையை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் வெள்ளை அல்லது சாம்பல் நிற சிலிக்கான் குஞ்சத்தை மாட்டி, இழைகளில் மூன்றில் ஒரு பங்கை ரப்பர் வளையத்துக்கு ஒட்டக் கத்தரியுங்கள். பிறகு முள்ளின் வளைவைத் தாண்டி ஒரு விரல் அகலம் மட்டும் தொங்குமாறு நுனிகளை ஏற்ற இறக்கமாக நறுக்குங்கள். ஒரே நேர்கோட்டில் நறுக்கினால் துடைப்பம் போல விறைத்து நிற்கும். கெண்டைக் குஞ்சின் உடல் அளவே உங்கள் அளவுகோல்.

வீசுவதற்கு முன் கரையோரத்தில் வேகமாக இழுத்துப் பாருங்கள். இரை ஒரு பக்கம் சாய்ந்தால், மேல் கம்பி முள்ளுக்கு நேர் மேலே வரும்படி விரலால் மெல்ல வளைத்துச் சரிசெய்யுங்கள். சாய்ந்து ஓடும் இரையைத் தெளிந்த நீரில் மீன் நம்புவதில்லை. தகடு சிறுத்ததால் 14 கிராம் எடை இனி சீக்கிரம் ஆழம் போகும். உங்கள் ஏரி நாலடிக்குக் குறைவான ஆழம் என்றால் மட்டும் 7 கிராமில் ஒன்று வாங்குங்கள்.

பாஸுக்குச் சொல்வது போலத் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, மிக மெல்லியதாக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. விராலுக்குக் கூர்மையான பல் உண்டு. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல அறுக்கும். ஆகவே இரையை ஒட்டிக் கட்டும் முன் நரம்பாக, நீரில் அவ்வளவாகத் தெரியாத ஃப்ளூரோகார்பன் நரம்பை விராலுக்கு 20 பவுண்டு தாங்குதிறனிலும், கொடுவாவுக்கு 30 பவுண்டிலும் கட்டுங்கள்.

தென்பெண்ணை முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு வீசினால், உப்பில் முதலில் கெடுவது தகட்டைச் சுழலவிடும் இணைப்பான ஸ்விவல்தான். அது இறுகினால் தகடு சுழலாது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.