தோற்ற சண்டைக்கு ஒரு ஓவியம்

கேள்வி: சென்ற இதழில் ‘ஃபோர்ட் அபாச்சி’ படத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். கதைச் சுருக்கம் படித்துவிட்டு, கடைசிக் காட்சியை மட்டும் யூடியூபில் பார்த்தேன். வறட்டுக் கௌரவத்துக்காகத் தன் படையையே பலிகொடுத்த தளபதியை, உண்மை தெரிந்த கதாநாயகனே பத்திரிகைக்காரர்களிடம் மாவீரன் என்கிறான். செவ்விந்தியர்களைச் சுட்டுத் தள்ளும் குதிரைப்படைக்குப் பாடிய இந்தப் புகழ்மாலையை இன்றும் ரசிக்கத்தான் வேண்டுமா?

பதில்: இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறீர்கள். கோபம் சரிதான். மீதியையும் பார்த்திருந்தால் அது இன்னும் சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

முதலில், சுட்டுத் தள்ளுவது யார்? 1948இல் ஜான் ஃபோர்டு எடுத்த இந்தப் படத்தின் பெரிய சண்டையில் செத்து விழுவது குதிரைப்படை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரலாக இருந்து, லெப்டினன்ட் கர்னலாக இறக்கப்பட்டு, அரிசோனாவின் ஒரு மூலைக்கு வந்து சேர்கிறான் ஓவன் தர்ஸ்டே. ஹென்றி ஃபோண்டா நடித்த பாத்திரங்களில் இவ்வளவு விறைப்பான ஆள் குறைவு. இழந்த பெயரை மீட்க அவனுக்கு ஒரு வெற்றி வேண்டும். அபாச்சி என்ற செவ்விந்திய இனத்தின் தலைவர் கொச்சீஸ் அதற்குக் கிடைக்கிறார்.

கொச்சீஸ் ஏன் எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போனார்? அபாச்சிகளுக்குப் பொருள் வழங்க அரசாங்கம் அமர்த்திய ஏஜென்ட் மீச்சம் எடையில் ஏமாற்றுகிறான், மட்டமான விஸ்கி விற்கிறான். விஸ்கிப் பெட்டிமேல் ‘பைபிள்’ என்று எழுதியிருக்கும். அப்புறம் சார்ஜென்டுகள் அந்தப் பைபிளைக் குடித்தே ‘அழிக்கும்’ விதம் தனி கூத்து. ஜான் வேய்ன் நடித்த கேப்டன் யார்க், கொச்சீஸைத் தேடிப்போய் வாக்குக் கொடுத்து அழைத்து வருகிறான். அந்த வாக்கைத் தர்ஸ்டே மீறுகிறான். பேச்சுவார்த்தையில் கொச்சீஸ் சொல்வது: எங்கள் இளைஞர்கள் போரில் செத்தது போதும் என்றுதான் மலையிலிருந்து இறங்கி வந்தோம், இந்த மீச்சம் போரைவிடக் கொடியவன், பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் அல்லவா கொல்கிறான். தர்ஸ்டேயிடம் இதற்குப் பதில் கிடையாது, மிரட்டல்தான் இருக்கிறது. நான்கு நான்கு பேராக வரிசைகட்டிப் பள்ளத்தாக்குக்குள் பாய உத்தரவிடுகிறான். தற்கொலை என்று யார்க் சொன்னதற்கு, அவனைப் பின்னால் வண்டிகளோடு நிறுத்திவிடுகிறான். எல்லாம் முடிந்ததும் கொச்சீஸ் யார்க்கின் முன்னால் வந்து, கைப்பற்றிய படைக்கொடியை மண்ணில் ஊன்றிவிட்டுப் போகிறார். யார்க்கும் மிச்சமிருந்தவர்களும் பிழைக்கிறார்கள். 1948இல் ஹாலிவுட் எடுத்த காட்சி இது.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கொச்சீஸாக நடித்தவர் மிகெல் இன்க்லான் என்ற மெக்சிகோ நடிகர். படம்பிடித்த மான்யுமென்ட் வேலி அபாச்சி நிலமே அல்ல, நவாஹோ மக்களின் மண்; அபாச்சிகளாகக் குதிரையில் வந்ததும் அவர்கள்தான். கோட்டையில் ஒரு சார்ஜென்ட் வீட்டுச் சமையல்வரை நமக்குத் தெரிகிறது, ஆனால் ஒரு அபாச்சிக் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்று தெரிவதில்லை. இதைக் கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன்.

இப்போது, உங்களைக் கோபப்படுத்திய அந்தக் கடைசிக் காட்சிப் பொய். தர்ஸ்டேக்குப் பின்னால் நிற்பது கஸ்டர் என்ற நிஜமான குதிரைப்படைத் தளபதி. 1876 ஜூனில் மொன்டானாவில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், செவ்விந்தியர்களுடன் நடந்த சண்டையில், தன்னோடிருந்த இருநூற்றுச் சொச்சம் பேருடன் செத்தவர். அவர் மனைவி 1933 வரை வாழ்ந்து, புத்தகம் மேல் புத்தகமாகக் கணவரின் பெயரைக் காத்தார். 1896இல் ஒரு பீர் கம்பெனி கஸ்டரின் கடைசிச் சண்டையை வண்ணப்படமாக அச்சடித்து மதுக்கடைகளுக்கெல்லாம் அனுப்பியது. குடித்துக்கொண்டே அதைப் பார்த்தவர்கள் அதுதான் வரலாறு என்று நம்பினார்கள். படத்திலும் தர்ஸ்டேயின் பாய்ச்சலை வரைந்த ஓவியத்தை வாஷிங்டனில் பார்த்ததாகப் பத்திரிகைக்காரர் ஒருவர் சிலாகிக்கிறார். ஒவ்வொரு விவரமும் சரி என்கிறான் யார்க். அது சரியில்லை என்பதைச் சற்றுமுன்தான் படம் நமக்குக் கண்முன்னால் காட்டியிருக்கிறது. பொய்யை மறைக்க நினைத்தவர் அந்தச் சண்டையை ஏன் அப்படி எடுக்க வேண்டும்? நாட்டுக்கு அண்ணாந்து பார்க்க நாயகர்கள் தேவை என்று பின்னாளில் பேட்டியில் ஃபோர்டு சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. இந்த விஷயத்தில் அவர் பேச்சைவிட அவர் படத்தைத்தான் நம்புகிறேன்.

நீங்கள் பார்த்த அதே காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. தர்ஸ்டேக்களை ஊர் நினைவில் வைத்திருக்கிறது, மற்றவர்களை மறந்துவிடுகிறது என்கிறார் பத்திரிகைக்காரர். சொல்லும்போதே ஒரு பெயரைத் தப்பாகச் சொல்கிறார்: காலிங்வர்த். ‘காலிங்வுட்’ என்று திருத்துகிறான் யார்க். காலிங்வுட் யார் என்று உங்களுக்கும் தெரியாது, நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. தர்ஸ்டேயோடு செத்த ஒரு கேப்டன் அவர். படை கோட்டையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடலாம். கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் மனைவி கூப்பிடவில்லை. மற்ற பெண்களோடு உயரத்தில் நின்று, புழுதிக்குள் போகும் வரிசையைப் பார்க்கிறாள். அவர் தெரியவில்லை, கொடிகள்தான் தெரிகின்றன என்கிறாள்.