சீமைக்கருவேலை ‘சும்மா’ வெட்டித் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்

கேள்வி: மூலனூர் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொரங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் புல்வெளி). இரண்டு ஏக்கரில் சீமைக்கருவேல் ஏறிவிட்டது. விறகை எடுத்துக்கொண்டு செலவில்லாமல் வெட்டித் தருகிறேன், பிறகு மரக்கன்று வைக்கலாம் என்கிறார் ஒருவர். ஆட்காட்டி, கௌதாரி, பனிக்காலத்தில் பூனைப்பருந்து எல்லாம் இருக்கிற காடு. அவை போகாமல் எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். கரிமூட்டத்துக்கு விறகு எடுப்பவர் கணுக்கால் உயரத்தில் அறுத்துவிட்டுப் போய்விடுவார். சீமைக்கருவேல் மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து துளிர்க்கிற மரம். ஒற்றைத்தண்டு நின்ற இடத்தில் அடுத்த மழைக்கே புதராகக் கிளம்பும். சில வருடத்தில் அதே ஆள் திரும்ப வருவார். அவருக்கு அது வெள்ளாமை, உங்களுக்குப் புல் நஷ்டம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியதும் வேலையைத் தொடங்குங்கள். சிறு செடியை வேரோடு பிடுங்குங்கள். மணிக்கட்டுப் பருமன் உள்ளதைச் சுற்றிலும் தோண்டி, ஓரடி ஆழத்தில் வேரை வெட்டுங்கள். பெரிய மரத்துக்கு ஜேசிபி வரட்டும். தூரைப் பெயர்த்ததும் குழியை மூடிவிட்டு வெளியேற வேண்டும். காட்டையே வழிக்கவும் கிளுவை வேலியில் வழி உடைக்கவும் விடாதீர்கள். வேலி திரும்ப அடைய வருடக்கணக்காகும்.

தை முடிவதற்குள் முடித்துவிடுங்கள். மஞ்சள்மூக்கு ஆட்காட்டி கோடையில் வெறுந்தரையில் நாலு முட்டை இடும். மண்நிறத்தில் கூழாங்கற்களோடு கிடக்கும் அது டிராக்டர் ஓட்டுபவர் கண்ணில் படாது. பூனைப்பருந்து இரவில் புல்லுக்குள் தரையில்தான் அடையும். ஆகவே மாலை நாலு மணிக்கு மேல் ஆளோ வண்டியோ வேண்டாம்.

பிடுங்கிய இடத்தில் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ, மணலோடு கலந்து மேலாகத் தூவினால் போதும். புது விதை உறக்கத்தில் இருக்கும், சரியாக முளைக்காது. போன வருட விதையாகக் கேட்டு வாங்குங்கள். சீமைக்கருவேல் காய் தின்ற ஆடுமாட்டை நேராக உள்ளே விடாதீர்கள். சாணத்திலும் புழுக்கையிலும் விதை உயிரோடு வரும். ஒரு வாரமாவது பட்டியில் அடைத்துப் பிறகு விடுங்கள்.

மரக்கன்று வேண்டவே வேண்டாம். வெள்வேல் மட்டும் விதிவிலக்கு. அதுவும் ஏற்கெனவே நிற்கிற வெள்வேல். புதிதாக வரிசை நடுவது அல்ல. புல் காய்ந்த பிறகு செம்மறிக்கு அதன் காய்தான் தீனி, நிழலும் அதுதான். நெருங்கி வளர்ந்தால் அதுவும் கெடுதல்: காக்கையும் வல்லூறும் உட்கார்ந்து நோட்டம் பார்க்க இடம் கிடைத்துவிடும், ஆட்காட்டி அங்கே முட்டையிடாது. எனவே தள்ளித்தள்ளி நிற்பதை விட்டு, நெருங்கியதைக் கலைத்து, நடுவில் ஓரிரு ஏக்கரை மரமே இல்லாமல் வையுங்கள்.

அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ‘தரிசு’ என்றிருப்பதைக் காட்டி, அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், சோலாருக்குக் குத்தகை விடுங்கள் என்று அடுத்த தரகர் வருவார். அந்தப் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) பயிர் வைக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பட்டா உங்களுடையது. ஆனால் தரகருக்கு இந்தத் துணிச்சலைக் கொடுத்தது அரசுதான். மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு புதர்நிலத்தைப் பாழ்நிலக் கணக்கில்தான் வைக்கிறது. மாடு மேய்ந்து, பருந்து வெட்டுக்கிளி பிடிக்கிற நிலம் எப்படிப் பாழாகும்? கிராம நிர்வாக அலுவலரிடம் பேசி, அடங்கலில் மேய்ச்சல் என்று பதியக் கேளுங்கள். முதல்முறையிலேயே செய்து தரமாட்டார்கள். மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.