ஃபவுண்டேஷன் புத்தகத்தில் குளோன் பேரரசர்களைக் காணோமா?

ஐசக் அசிமோவின் அந்த அறிவியல் புனைகதைப் புத்தகத்திலேயே அவர்கள் கிடையாது. உங்கள் பிரதியில் பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை. பேரரசர் கிளியோனின் குளோன்கள், அதாவது அவருடைய உடல் நகல்கள், மாறி மாறி ஆள்வது 2021-இல் வந்த தொலைக்காட்சித் தொடருக்காகச் சேர்த்த கதை.

காரணம் புத்தகத்தின் அமைப்புதான் என்று நினைக்கிறேன். அசிமோவ் 1942 முதல் பத்திரிகையில் தனித்தனியாக எழுதிய கதைகளுக்கு முன்னால் புதிதாக ஒன்றைச் சேர்த்து, 1951-இல் நூலாக்கினார்கள். முதல் கதை முடிந்ததும் ஐம்பது வருடம் ஓடிவிடும், ஆட்களே மாறிவிடுவார்கள். தொடருக்கோ அதே முகங்கள் வேண்டும். எனக்கு அந்தத் தாவல்தான் உயிர்: தனிமனிதர் போனாலும், எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் கணித அறிஞர் செல்டனின் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

சரி, இரண்டாம் கதையைத் திறந்து பாருங்கள். தொடரில் பெண்ணாக வரும் சால்வர் ஹார்டின் ஆணாக, டெர்மினஸ் என்ற கோளின் மேயராக வந்தால் சரியான புத்தகம்தான் கையில் இருக்கிறது.

முதலாம் கிளியோன் வருவது 1988-இல் வந்த 'பிரெலூட் டு ஃபவுண்டேஷன்' நாவலில். அதை இப்போது தொடாதீர்கள், டெமர்செல் என்ற பாத்திரம் பற்றிய பெரிய ரகசியம் உடைந்துவிடும். முதல் மூன்று நூல்கள் முடியட்டும்.

சுங்கை சிப்புட்டில் இந்தப் புத்தகங்களைத் தேடி அலைய வேண்டாம், எங்கள் தோட்டப் பக்கமும் இதே நிலைதான். ஈப்போ போகும்போது பழைய புத்தகக் கடைகளில் கேளுங்கள். அப்புறம், ஆங்கிலம் அலுத்தால் நடுவில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படியுங்கள். அதில் வரும் ரோபோ நாய் ஜீனோவை உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.