சோலார் ஹீட்டரில் வெந்நீர் மட்டும் நூலாக வருவது

உங்கள் ஊர் கும்பகோணம், போர் தண்ணீர், சோலார் ஹீட்டர்; பச்சைத்தண்ணீர் பீறிடுகிறது, வெந்நீர் மட்டும் நூலாக ஒழுகுகிறது என்கிறீர்கள். ஒரே குழாயில் மட்டும் என்றால் சுலபம் சார்: குழாய் வாயில் இருக்கும் வலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள்.

எல்லாக் குழாயிலும் என்றால் ஹீட்டர் டேங்கிலிருந்து வெந்நீர் வெளிவரும் வாயைத்தான் சந்தேகப்படுவேன். தண்ணீர் சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து அங்கே ஓடு கட்டும். முக்கால் இஞ்ச் பைப் பென்சில் கனத்துக்குச் சுருங்கிவிடும். காலையில் டேங்குக்குப் பச்சைத்தண்ணீர் வரும் இன்லெட் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஒழுக்கு நின்றபின் அந்த வாயில் பைப்பை இணைக்கும் யூனியனைக் கழற்றுங்கள். விரல் விடாதீர்கள், உள்ளே கொதிக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் வெள்ளைச் செதில் உதிரும்.

குழாய் துப்பித் துப்பி வந்தால் காற்று. ஹீட்டர் டேங்கின் காற்றை வெளியேற்றும் வென்ட் பைப்பின் வாய் மேல்தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே, அடைப்பில்லாமல் இருக்க வேண்டும்.

வெயிலில் காலியாகக் காய்ந்த ஹீட்டர் கண்ணாடி டியூபில் மட்டும் பச்சைத்தண்ணீர் விடாதீர்கள், கண்ணாடி தெறித்துவிடும்.