"இன்னுமா கம்பு?"

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன். உங்களுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது. எனக்கு வயது 56, பள்ளி ஆசிரியை. வலது இடுப்பில் பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய், ஏழெட்டு வருடம் நொண்டி நடந்து, கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். மறுநாளே வாக்கரில் நடக்க வைத்தார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது 11 வாரம் ஆகிறது. இன்னமும் கம்பு இல்லாமல் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறேன். சாயங்காலமானால் கால் வீங்குகிறது. அந்தக் கால் நீளமாகிவிட்டது போலவும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் ஆறாவது வாரமே பைக் ஓட்டினார், அதைச் சொல்லிச் சொல்லியே மதினி "இன்னுமா கம்பு?" என்கிறார்கள். மகன், இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் ஆட வந்த டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேயின் வீடியோவை அனுப்புகிறான். தைரியம் சொல்லத்தான் அனுப்புகிறான், புரிகிறது. ஆனாலும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

ச., தென்காசி

அன்புள்ள ச.,

11வது வாரத்தில் கம்போடு நடப்பது தாமதமே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களுக்கு மாற்றியது இடுப்பு மூட்டை மட்டும்தான். தேய்ந்த பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு தண்டை இறக்கி, அதன் தலையில் புதுப் பந்தும் இடுப்பெலும்பில் புதுக் கிண்ணமும் பொருத்தினார்கள், ஒன்றரை இரண்டு மணி நேர வேலை. ஆனால் இடுப்பின் பக்கவாட்டில் ஒரு தசை இருக்கிறது, நாம் ஒற்றைக்காலில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் இடுப்பைச் சாயாமல் பிடித்து வைப்பது அதுதான், அந்தத் தசையை யாரும் மாற்றவில்லை. நீங்கள் வலிக்குப் பயந்து சாய்ந்து சாய்ந்து நடந்த அந்த ஏழெட்டு வருடமும் அது வேலையில்லாமல் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. அதற்குமேல் ஆபரேஷனில் வேறு சுற்றியிருக்கும் தசைகளை வெட்டியோ விலக்கியோதான் உள்ளே போக முடியும். இத்தனையும் பட்ட தசை பழைய பலத்துக்கு வர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். தெருக்காரருக்கு மூட்டு எத்தனை வருடம் கெட்டுக் கிடந்தது, இடுப்பை முன்னாலா, பக்கவாட்டிலா, பின்னாலா எந்தப் பக்கமாகத் திறந்தார்கள், அவர் வயதென்ன, இதெல்லாம் உங்கள் மதினிக்குத் தெரியுமா? தெரியாமல் இரண்டு பேரின் வாரங்களை எப்படி ஒப்பிடுவது?

எனக்கு இது விளங்கியது பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த தம்பியால். என் இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, பீரோக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைத் தூக்கச் சொன்னான். ஆபரேஷன் செய்த காலில் நான் நின்றதும், தூக்கிய கால் பக்கம் ரிப்பன் சரசரவென்று இறங்கியது. "மூட்டு கெட்டியா இருக்கும்மா, பிடிச்சு நிறுத்த வேண்டிய ஆள்தான் இன்னும் தூங்குறான்" என்றான். அதிலிருந்து நாள் கணக்கை விட்டுவிட்டு ரிப்பனைப் பார்க்க ஆரம்பித்தேன். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே இருக்காது, சில நாள் பின்னால் போனது போலக்கூட இருக்கும், நாலு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால்தான் ரிப்பன் ஏறியிருப்பது தெரியும். நீங்களும் கட்டிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு.

கம்பை விட அவசரப்படாதீர்கள். சாய்ந்து நடந்து பழகினால் அந்தச் சாய்வே நடையாகிவிடும், அதைத் திருத்துவது பெரிய பாடு. கம்பு இடது கையில்தானே இருக்கிறது? ஆபரேஷன் வலது பக்கம் என்றால் கம்பு இடது கையில், வலது காலோடு சேர்ந்து முன்னால் போக வேண்டும், அப்போதுதான் அந்தத் தசையின் பாரம் குறையும். வலது கையில் பிடித்திருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கம்பும் ஆபரேஷன் காலும் முதலில்.

மர்ரே விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு 2019 ஜனவரியில் செய்தது முழு மூட்டு மாற்று இல்லை, பந்தை வெட்டி எடுக்காமல் அதன்மேல் உலோகக் கவசம் போடும் வேறு சிகிச்சை. வயது 31, வாழ்க்கை முழுக்க உடம்பை உழைக்க வைத்தவர், கூடவே இருந்து கவனிக்க ஆட்கள். அவரே ஜூனில்தான் இரட்டையர் ஆட்டத்துக்கு வந்தார், ஒற்றையர் பட்டம் வென்றது அக்டோபரில், ஒன்பது மாதம் கழித்து. மகனிடம் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் இன்றைய வடிவத்துக்கு அடிப்படையான செயற்கை மூட்டை வைக்க ஆரம்பித்த காலத்தில் நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திவிடுவார்கள். இப்போது மறுநாளே எழுப்பி நடக்க விடுகிறார்கள், ரத்தம் உறையாமலும் நெஞ்சில் சளி கட்டாமலும் இருக்க அது நல்லது. ஆனால் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் மீதியும் அதே வேகத்தில் நடக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள், நாமும்தான். உங்கள் அழுகைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், தயிர் எல்லாம் நிறுத்திவிட்டார்களா? நம் பக்கம் "சீழ் பிடிக்கும்" என்று இதைக் கட்டாயம் செய்வார்கள். புண் ஆறவும் தசை வளரவும் வேண்டியதே அந்தச் சத்துதான், ரசம் சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எத்தனை பயிற்சி செய்தாலும் தசை எங்கிருந்து வரும்? சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால் முட்டை, மீன், பாசிப்பயறு, தயிர் நன்றாகச் சாப்பிடுங்கள். எழுந்து போகச் சிரமம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். ஆபரேஷனில் ரத்தம் போயிருக்கும், அசதி ரொம்ப இருந்தால் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாயங்கால வீக்கம் பல மாதம் வரும். படுத்துக் காலைத் தலையணைமேல் உயர்த்தினால் இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால் கவலையில்லை. கால் நீளமானது போலத் தோன்றுவதும் பெரும்பாலும் இடுப்புத் தசை இறுகி இடுப்பெலும்பு சாய்ந்து நிற்பதால்தான், தசை இளகும்போது நிறையப் பேருக்குச் சரியாகிவிடும், அதற்குள் நீங்களாகச் செருப்புக்கு அட்டை வைக்காதீர்கள்.

ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்து, படுத்தும் இறங்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் நீர் கசிவது, சிவந்து சூடாவது, குறைந்துவந்த வலி திரும்ப ஏறுவது, இவையெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. திடீரென்று சுரீரென வலித்து, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியவில்லை என்றால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவியிருக்கும். அதற்காகத்தான் தரையில் உட்காராதே, கால்மேல் கால் போடாதே, தாழ்வான நாற்காலி வேண்டாம் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். விசேஷ வீட்டில் "கொஞ்ச நேரம்தானே, கீழே உட்காரு" என்பார்கள், உட்காராதீர்கள். எப்போது எது செய்யலாம் என்று உங்களை ஆபரேஷன் செய்தவர் சொல்லட்டும்.

அழுவதில் தப்பில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அழாதீர்கள், ச. மகனுக்குப் போன் போட்டு அழுங்கள், அவன் வீடியோ அனுப்புவதை விட்டுவிட்டு ஒரு வாரம் வந்து உங்களோடு சாயங்காலம் நடக்கட்டும். தினமும் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை, பயிற்சியே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. மதினியிடம் "ஆமா மதினி, இன்னும் கம்புதான், இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பதில் இவ்வளவுதான் என்று தெரிந்தால் கேள்வி தானாக நின்றுபோகும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். மருத்துவ விடுப்பு மீதி இருந்தால் எடுங்கள். திரும்பப் போகும்போது கீழ்த்தள வகுப்பும், கை வைத்த உயரமான நாற்காலியும் கேளுங்கள். பஸ் படி ரொம்ப உயரம், கொஞ்ச நாள் வேறு வழியில் போய்வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேக்குப் போகும்போது டாக்டரிடம் எந்தப் பக்கமாகத் திறந்தார்கள், மூட்டைச் சிமெண்ட் வைத்துப் பொருத்தினார்களா, முழு எடையையும் ஊன்றலாமா, எந்தப் பயிற்சியை அதிகப்படுத்தலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா