பொறுமை என்றால் என்னப்பா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் ஆறு வயது மகள் 'பொறுமைன்னா என்னப்பா?' என்று கேட்டாள். 'சகிப்புத்தன்மை' என்றேன். 'அப்படின்னா?' என்றாள். 'பொறுமையா இருக்கறது' என்று சொல்லிவிட்டு விழித்தேன். குழந்தைகளுக்கேற்ற நல்ல அகராதியோ செயலியோ இருந்தால் சொல்லுங்கள். எந்த வயதில் தொடங்கலாம்?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

செயலி எதுவும் எனக்குத் தெரியாது. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், அவள்தான் தொடங்கிவிட்டாளே.

இந்த வாரம் தொல்காப்பியத்தில், சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'பொருட்குப் பொருள் தெரியின் அது வரம்பு இன்றே' என்று ஒரு நூற்பா. சொன்ன பொருளுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் முடிவே இல்லை. உங்கள் மகள் இரண்டே கேள்வியில் உங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். ஆறு வயதுக் குழந்தையிடம் போய் சகிப்புத்தன்மையா? கேட்ட சொல்லைவிடக் கடினமான சொல்லைத் தருவது வாயை அடைக்கிற வேலை.

'மை'யைக் கழற்றுங்கள். மிச்சம் 'பொறு'. பாரத்தைத் தாங்கு என்று பொருள். 'பொறை' என்றால் சுமையும்தான், பொறுமையும்தான். குறளில் பொறையுடைமை அதிகாரமே, தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கி நிற்கும் நிலத்தில்தான் தொடங்குகிறது. பண்புப்பெயர் குழந்தையின் கைக்குச் சிக்காது. வினைச்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாலு கனமான புத்தகத்தை அவள் கையில் வையுங்கள். வலிக்கத் தொடங்கும்போது 'இன்னும் கொஞ்சம் பொறு' என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. அந்தச் சொல்லை அவளிடம் எப்போதெல்லாம் சொல்கிறீர்கள்? என் மகள் அந்த வயதில் தன் பொம்மையை 'பொறுமையா இரு, எனக்கு வேலை இருக்கு' என்று அதட்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அச்சு அசலாக என் குரல். அப்பாவுக்கு நேரமில்லை என்பதற்குத்தான் எங்கள் வீட்டில் பொறுமை என்று பெயர் போல.

பிறகொரு நாள் தம்பி அவள் மடியில் தூங்கிவிட்டான். அரை மணி நேரம் அவள் அசையவில்லை. 'கால் மரத்துப்போச்சுப்பா. அசைஞ்சா முழிச்சிருவான்' என்று கிசுகிசுத்தாள்.

'இதுக்குப் பேர்தான் பொறுமை' என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். 'அப்போ நீ தினமும் சொல்றியே, அது என்னப்பா?'